விளக்கெண்ணெய் குடித்த வண்டி

என் வீட்டுக்காரருக்கு எந்தக் கோளாறுக்கும் ஒரு பாட்டில் உண்டு. தலைவலிக்கு ஒன்று, ஜீரணத்துக்கு ஒன்று, ரத்தம் ஊற ஒன்று, ஒரு கோளாறும் இல்லாத நாளில் சும்மா குடிக்க ஒன்று. எனக்கு அதற்கு நேர் எதிரான புத்தி. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் உலகத்தில் சரியாகாதது ஒன்றுமில்லை என்று நம்புகிறவள் நான். கல்யாணமாகி கணபதி என்கிற இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே அவருடைய பாட்டில்களை இறக்கி, மேலே ஒட்டியிருந்த காகிதத்தோடு சேர்த்துச் சுத்தமாகக் கழுவி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் எது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் குடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா?” என்றேன் நான். “பாத்தியா?” என்றார் அவரும்.

இப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரு மோட்டார் சைக்கிள் கிடைத்தால் என்ன ஆகும்? நீலகிரியில் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கணபதி வெறும் சோளக்காடும் கிணறுமாக இருந்த காலத்தில், அது ஊருக்குள் வரும்போது மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். ஊரில் அதற்கு டப்டப்பான் என்று பெயர். அவருக்கு அது மூத்த பிள்ளை. பிள்ளைக்குச் சளி பிடித்தால் வீட்டில் சும்மா இருப்பார்களா?

வண்டி கொஞ்சம் இருமினால் போதும், பெட்ரோலில் கற்பூரம் போடுவார். யாரோ ஒரு டிரைவர் சொன்னானாம், கற்பூரம் போட்டால் பெட்ரோலுக்குச் சூடு ஏறும் என்று. என் மாமியார் சாமி மாடத்தில் கற்பூரத்தைத் தேடிக் களைத்து, “உங்கூட்டுக்காரன் எந்தச் சாமிக்குக் காட்டறான்னே தெரியல, கண்ணு” என்பார். புகை கறுப்பாக வந்தால் வேறு எதையாவது ஊற்றுவார். கழற்றிச் சுத்தம் செய்வது மட்டும் கிடையாது.

அந்த வண்டியில் கார்புரேட்டர் என்று ஒன்று உண்டு. பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற இடம். எங்கள் வண்டியில் அது அரிசி அளக்கும் ஆழாக்கு அளவுதான் இருக்கும். அடியில் ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு மிதவை, நடுவில் பித்தளையில் ஜெட் என்று ஒரு சின்னத் துண்டு. அந்த ஜெட்டின் நடுவே ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. பெட்ரோல் அவ்வளவும் அந்த ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் வண்டி நின்றுவிடும். வெள்ளைக்காரர் வண்டியைக் கொடுக்கும்போது இதைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் நின்று நானும் எட்டிப் பார்த்தேன். அன்றைக்கே எனக்குக் கை பரபரத்தது.

“ஏனுங்க, அந்தக் கிண்ணத்த ஒருக்கா கழட்டிக் கழுவிப் போடலாமுங்களா?” என்று கேட்பேன்.

“சீமை வேலை, அம்மணி. தொறந்தாப் போச்சு. உள்ளாறயே மருந்து போயி அதே சுத்தமாக்கிக்கும்.”

“பாத்திரத்தக் கழுவாம சாம்பிராணி போட்டா ஆச்சுங்களா?”

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவரப் போய்விடுவார்.

அப்போதுதான் என் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. ஆவணி மாதம். பிறந்த ஊர் அவிநாசிக்கு அந்தப் பக்கம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முந்தின ராத்திரி, விளக்கு வைத்ததும், மாப்பிள்ளைக்கும் அவன் உடன்பிறந்தவளுக்கும் ஒரு சீர் உண்டு. இணைச்சீர் என்போம். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைப்புடவையைக் கூடையில் வைத்து அக்காவோ தங்கையோ தலையில் சுமந்து வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். புடவையின் ஒரு தலைப்பு அவன் கையில் இருக்கும், மறு தலைப்பு அவள் கையில். நாளைக்கு ஒருத்தி வரப்போகிறாள், அதற்காக நீ இல்லை என்று ஆகிவிடாது என்று ஊரார் முன்னால் சொல்லுகிற சீர் அது. ஒருவனுக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான். அவனுக்கு நான் ஒரே அக்கா. நடக்கப் பழகும் வரைக்கும் என் இடுப்பைவிட்டு இறங்காதவன் அவன். அந்தக் கூடைக்காக நான் அவன் பிறந்த நாளிலிருந்து காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் சித்தப்பா மகள் நிற்கலாம். எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள். என்னைவிட நிறம், என்னைவிட நகை, என்னைவிட வாய். இந்தக் கடைசியை மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

மாமனார், மாமியார் எல்லோரும் சீருக்கு முந்தின நாளே மாட்டுவண்டியில் போய்விட்டார்கள். நானும் அதில் போயிருக்கலாம். “மாட்டு வண்டீல போயி இடுப்பு ஒடியறதுக்கு, நாளைக்குச் சாப்புட்டுப்போட்டு டப்டப்பான்ல போனா விளக்கு வெக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே எறங்கலாம்” என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். பிறந்த ஊருக்குள் அந்த வண்டியில் போய் இறங்கினால் சித்தப்பா மகளின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமே.

மறுநாள் மேகம் மூடிய பகல். பட்டுப்புடவை கட்டி, பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் அவரையும் மறு கையால் என் கொண்டையையும் பிடித்துக்கொண்டேன். அவிநாசி ரோட்டில் ஏறியதும் வண்டி பறந்தது. முன்னால் ஒரு பஸ் முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது. அதை முந்தும்போது என் வீட்டுக்காரர் டிரைவரைப் பார்த்து, ‘மெதுவா வாங்க’ என்பதுபோல் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அந்த டிரைவரின் முகம் போன போக்கை நினைத்து நாலு மைல் சிரித்துக்கொண்டே போனோம்.

சோமனூருக்குப் பிரியும் தடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டப்டப்பான் ஒரு தடவை விக்கியது. அப்புறம் தும்மியது. அப்புறம் ஒரு புளியமரத்தடி வரைக்கும் சத்தமில்லாமல் உருண்டுபோய் நின்றது.

மரத்தடி வரிசையில் நெசவுக்காரர்கள் பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தேய்த்து உலர்த்துவது. வழக்கமாகக் காலை வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். அன்றைக்கு மேகம் என்பதால் மத்தியானத்துக்கு மேலும் வேலை நடந்தது. ஒரு புருசனும் பெண்டாட்டியும். ஆளுக்கொரு பக்கம் நின்று பெரிய பிரஷ்ஷால் நூலை நீவிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். தங்களுக்குள், வீட்டில் பேசுகிற கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாள் கிட்டே வந்தாள்.

“ஏனுங்கம்மணி, வண்டிக்கு என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் களைச்சுப்போச்சு” என்றார் என் வீட்டுக்காரர். பையிலிருந்து கற்பூர டப்பாவை எடுத்தார். டாங்கியின் மூடியைத் திறந்து இரண்டு வில்லை போட்டார். வண்டியைக் குலுக்கினார். உதைத்தார். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு வில்லை போட்டார். அந்த அம்மாள் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பொழுது மேகத்துக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அங்கே கூடையை எடுத்து வைத்திருப்பார்கள். சித்தப்பா மகள் கண்ணாடி முன்னால் நின்றிருப்பாள்.

“நீங்க தொறக்கறீங்களா, நான் தொறக்கட்டுங்களா?” என்றேன்.

“அம்மணி, நடுரோட்டுல—”

“நான் கேட்டது அதில்லீங்க.”

ஸ்பேனரை எடுத்தார். நெசவுக்கார அம்மாள் வீட்டுக்கு ஓடி ஒரு வெள்ளை வேட்டித் துண்டையும் ஒரு பித்தளைச் சொம்பையும் ஒரு கிண்ணியையும் கொண்டுவந்தாள். அவள் புருசன் வேடிக்கை பார்க்கப் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வந்தார். “அய்யோ, பெட்ரோலுங்க!” என்று நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் பீடியைக் கீழே போட்டு மிதித்து, அதன் மேல் மண்ணையும் தள்ளிவிட்டார்.

கார்புரேட்டரின் கிண்ணம் கையோடு வந்தது. உள்ளே பெட்ரோலைக் காணோம். மஞ்சளாக, பிசுபிசுவென்று, ஏதோ கூழ். தூசியும் பஞ்சும் அதில் குழைத்து அப்பியதுபோல் ஒட்டியிருந்தன. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். எனக்குத் தெரியாத வாசமா அது! மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மூக்கைப் பிடித்து என் அம்மா வாயில் ஊற்றிய வாசம். அடுப்படியில் விளக்கெண்ணெய்ச் சட்டி முந்தின நாள் பாதியாகக் குறைந்திருந்தது ஞாபகம் வந்தது. மாமியார் விளக்குக்கு எடுத்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

“ஏனுங்க, வண்டிக்குப் பேதிக்குக் குடுத்தீங்களா?”

அவர் தலையைச் சொறிந்தார். “ரேசு வண்டிக்கெல்லாம் விளக்கெண்ணெதான் ஊத்தறாங்களாமா. பேப்பர்ல பாத்தேன். அவன் காசு குடுத்து வாங்கறான். நம்ம வரப்புல ஆமணக்கு சும்மா காய்ச்சுக் கெடக்குது. தூரப் பயணமாச்சே, ஒரு தெம்புக்கு...”

“அது எஞ்சினுக்குள்ள ஊத்தறதுங்களா, பெட்ரோல்ல ஊத்தறதுங்களா?”

“எல்லாம் ஒரே வயிறுதானே?”

நெசவுக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. அவருக்கு முதலில் ரோசம், அப்புறம் அவருக்கும் சிரிப்பு. அழுகிற நேரத்தில் நாலு பேர் புளியமரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் என் கை குளிர்கிறது. குழாயைப் பிடுங்கி டாங்கியின் அடியில் கிடந்ததைச் சொம்பில் இறக்கினோம். தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். பெட்ரோலிலோ விளக்கெண்ணெய் முங்கிக் கிடந்தது. அதனால் கெட்டது முதலில் மஞ்சளாக வந்தது, நல்லது பின்னால் தெளிவாக வந்தது. தெளிந்ததில் கொஞ்சத்தைக் கிண்ணியில் பிடித்து, மீதியை டாங்கியிலேயே அடைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி உட்கார்ந்தேன். கிண்ணத்தைக் கழுவினேன், மிதவையைக் கழுவினேன், பெயர் தெரியாத சாமான்களை எல்லாம் கழுவினேன். கறுப்பு போகப் போக உள்ளே பித்தளை பொன்னாக மின்னியது. வண்டி வந்த நாளிலிருந்து கை பரபரத்தது தீர்ந்தது. என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து, “அட, இவ்வளவு பளபளப்பா இருக்குமா!” என்று ஒவ்வொன்றையும் வாங்கி வேட்டித் துண்டில் வரிசையாக வைத்தார்.

ஜெட் மட்டும் மசியவில்லை. ஓட்டையில் கூழ் இறுகியிருந்தது. நான் கொண்டை ஊசியை உருவினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இரும்பு வேண்டாம். ஓட்டை பெருத்தா வண்டி பெட்ரோலக் கொடங்கொடமாக் குடிக்கும்.” அந்த ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. நெசவுக்கார அம்மாள் தன் பிரஷ்ஷில் ஏற்கெனவே தளர்ந்திருந்த ஒரு நாரைத் தேடி உருவிக் கொடுத்தாள். விறைப்பான, மெல்லிய நார். பெட்ரோலில் முக்கி மெதுவாகச் செலுத்தினேன். போகவில்லை, போகவில்லை, போய்விட்டது. வாயில் வைத்து ஊதினேன். ‘ஸ்ஸ்’ என்று காற்று அந்தப் பக்கம் போனது. நாக்கெல்லாம் பெட்ரோல். பாயசம் குடித்தாற்போல் சந்தோஷம்.

அவர் கிண்ணத்தைத் துடைத்து முடிக்கட்டும் என்று ஜெட்டைக் கொண்டை ஊசி மாதிரி உதட்டில் கவ்விக்கொண்டேன். அப்போதுதான் அந்த பஸ் வந்தது. நாங்கள் முந்திய அதே பஸ். ஆள் ஏறி நிறைந்து, ஏணியிலும் தொங்கிக்கொண்டு வந்தார்கள். நிற்கவில்லை. டிரைவர் மட்டும் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ‘மெதுவா வாங்க’ என்று கையை ஆட்டினார். அச்சாக அதே கையாட்டல். பஸ் முழுக்கச் சிரித்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! எழுந்து நின்று, “டேய், உன் பஸ்ஸு—” என்று ஆரம்பித்து, என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. பஸ் மறைந்தது. என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

“ஜெட்டு குடு.”

உதட்டில் ஜெட் இல்லை. கையில் இல்லை. மடியில் இல்லை.

“முழுங்கிப்போட்டியா?”

“தெரியலீங்களே...” தொண்டையைத் தடவிப் பார்த்தேன். ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான்கு பேரும் மண்டியிட்டு மண்ணைத் துழாவினோம். இல்லை. அது இல்லாமல் வண்டி இல்லை. வண்டி இல்லாமல் கூடை இல்லை. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், என் வீட்டுக்காரரின் கண் மெல்ல மெல்லச் சொம்புப் பக்கம் போகிறது. வடித்த விளக்கெண்ணெய் அதில்தான் இருந்தது.

“நெனச்சுக்கூடப் பாக்காதீங்க!” என்றேன்.

“இல்ல, அம்மணி, நான் சும்மா...”

“இணைச்சீருல நிக்கோணும் நான்!”

நெசவுக்காரர் அதற்குள் எழுந்து தன் பாவுக்குப் போய்விட்டார். அவருக்கு அவர் வேலை, கஞ்சி காய்ந்துவிடுமே என்று நினைத்தேன். நூலின் மேல் கையை வைத்துக்கொண்டே நடந்தவர் ஓர் இடத்தில் நின்றார். குனிந்து, இழைகளை விரலால் பிரித்து, “இது எங்க சாமானில்லீங்களே” என்றார். ஈரக் கஞ்சியில் ஒட்டிக்கொண்டு, வெள்ளை நூலுக்கு நடுவில் மூக்குத்தி மாதிரி உட்கார்ந்திருந்தது ஜெட். பஸ்ஸைத் திட்டிய வேகத்தில் அவ்வளவு தூரம் பறந்திருக்கிறது.

கஞ்சி போக மறுபடியும் கழுவினேன். ஓட்டைக்குள் மறுபடியும் நார் விட்டு, மறுபடியும் ஊதி, இந்தத் தடவை நேராக அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் பூட்டி, டாங்கியின் குழாயை மறுபடியும் மாட்டினார். கற்பூர டப்பாவை எடுத்தார். நான் பார்த்தேன். டப்பாவை நெசவுக்கார அம்மாளிடமே கொடுத்துவிட்டார், “சாமிக்குக் காட்டுங்க” என்று. ஒரே உதை. டப்டப்பான் அப்படி ஒரு சுருதியோடு பேசி நான் கேட்டதே இல்லை. இருமல் இல்லை, விக்கல் இல்லை, கறுப்புப் புகை இல்லை. அவர் என்னைப் பார்த்தார். ‘பாத்தீங்களா’ என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு கோயில் கட்டலாம்.

அந்த அம்மாள் என்னை அப்படியே போகவிடவில்லை. “கல்யாணத்துக்குக் கரிக் கையோட போவாங்களா, அம்மணி?” என்று சாம்பலும் புளியும் கொண்டுவந்து என் இரண்டு கையையும் தேய்த்துக் கழுவிவிட்டாள். என்னுடைய கழுவுகிற புத்தி அவளுக்கும் இருந்தது. கறுப்பு போனது. பெட்ரோல் வாசம் போகவில்லை.

ஊருக்குள் நுழையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். மாடுகள் மிரண்டன, குழந்தைகள் பின்னால் ஓடிவந்தன. எதையும் நான் பார்க்கவில்லை. பந்தலுக்குள் பார்த்தேன். நடுவில் சித்தப்பா மகள் நின்றிருந்தாள். பட்டுடுத்தி, நகை பூட்டி, தலையில் கூடையோடு. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு சிரித்த வழியெல்லாம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

“வந்துட்டாளா மவராசி!” என்றார் என் மாமனார். “மாப்பிள்ளைக்கி வயிறு சரியில்லயாமா. போன வாரம் குடுத்த விளக்கெண்ணெ இப்பத்தான் வேலை செய்யுதாமா. சொம்பத் தூக்கீட்டுக் காட்டுக்குப் போறான், வாரான், மறுக்காப் போறான். சீரு நடத்தற பெரியவரு கடுகடுன்னு ஒக்காந்திருக்கறாரு.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, சோளக்காட்டுப் பக்கமிருந்து சொம்பை ஆட்டிக்கொண்டு என் தம்பி வந்தான். நிதானமாகக் கால் கழுவினான். “இப்பத் தேவலைங்க, ஆரம்பிக்கலாமுங்க” என்றான். சித்தப்பா மகள் கூடையை இறக்கி என் தலையில் வைத்தாள். நல்லவள்தான். “கழுத்து வலிக்குதுக்கா, சீக்கிரம் வரக் கூடாதா?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் பக்கத்தில் போய் நின்றேன். கூறைப்புடவையின் ஒரு தலைப்பை என்னிடம் கொடுத்தார்கள். மறு தலைப்பை அவன் வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டான். மூக்கை உறிஞ்சி, “பெட்ரோல் நாத்தம்” என்றான் முணுமுணுப்பாக.

“வயிறு எப்படீடா இருக்குது?” என்றேன் உதட்டை அசைக்காமல்.

“வயத்துக்கு என்னக்கா? கல்லாட்ட இருக்குது. நீ வாராம நான் எப்படி நிக்கறது? வரப்புல ஒக்காந்து உன்ற வண்டிச் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு பாத்துட்டிருந்தேன்.”

தலையில் கூடை இருந்தது. குனிய முடியாது, கண்ணைத் துடைக்கவும் கை இல்லை. நிமிர்ந்து நின்றபடியே அழுதேன், நிமிர்ந்து நின்றபடியே சிரித்தேன். “பாவம், பெட்ரோல் நெடி கண்ணுல ஏறிப்போச்சு” என்று கூட்டத்தில் யாரோ சொன்னது கேட்டது. என் தம்பி புடவைத் தலைப்பைக் கையில் இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டான்.